காஸிப்: ஓர் உறவுச்சொல் தேய்ந்த கதை

ஆங்கிலத்தில் 'காஸிப்' என்றால் இன்று நமக்கு என்ன பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை. சினிமாப் பத்திரிகைகள் அதைக் 'கிசுகிசு' என்று தமிழாக்கி நெடுநாளாகிறது. அலுவலகத்தில் அது வம்பளப்பு. அண்டை வீட்டாரிடையே ஊர்வாய். எப்படிச் சொன்னாலும் சற்று இழிவான பொருள்; கேட்கச் சுவையானது, ஒப்புக்கொள்ளக் கூச்சமானது. ஆயினும் இச்சொல் பிறந்தபோது அதற்குப் பேச்சோடு எந்தத் தொடர்பும் இல்லை. அது ஓர் உறவுமுறையின் பெயர். அதிலும், தேவாலயத்தில் கடவுளைச் சாட்சியாக வைத்து ஏற்றுக்கொள்ளும் உறவின் பெயர். அந்த உறவு எப்படி வசையாயிற்று என்பது மொழியியல் விநோதம் மட்டுமல்ல. யாருடைய பேச்சைக் கண்டு யார் அஞ்சினார்கள் என்பதன் வரலாறும் அதற்குள் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் வடிவம் 'காட்சிப்' (கடவுள் என்ற பொருளுடைய 'காட்' என்பதும், உறவு என்ற பொருளுடைய 'சிப்' என்பதும் சேர்ந்தது). உடன்பிறந்தாரைக் குறிக்கும் 'சிப்லிங்' என்ற இன்றைய ஆங்கிலச் சொல்லில் அந்தச் 'சிப்' இன்னும் உயிரோடிருக்கிறது. குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கும்போது அதன் சார்பில் உறுதிமொழி கூறுபவர்களை நம் கிறித்தவர்கள் ஞானத்தாய், ஞானத்தந்தை என்பார்கள். அந்த ஞானப்பெற்றோருக்கும் குழந்தையைப் பெற்றவர்களுக்கும் இடையே அச்சடங்கினால் ஏற்படும் உறவே காட்சிப். தமிழில் இதற்கு நெருக்கமான உவமை சொல்ல வேண்டுமானால் 'சம்பந்தி' என்ற சொல்லைத்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் திருமணம் இரு வீட்டுப் பெற்றோரைச் சம்பந்திகள் ஆக்குவதுபோல, ஒரு குழந்தையின் ஞானஸ்நானம் இரு குடும்பத்தாரைக் காட்சிப்புகள் ஆக்கியது. இடைக்காலத் திருச்சபை இதனை வெறும் சம்பிரதாயமாகக் கருதவில்லை. இரத்த உறவுக்கு நிகராகவே கருதியது. இவ்வுறவு கொண்டவர்கள் தங்களுக்குள் மணம்புரியத் தடை இருந்தது.

இச்சொல்லின் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று, யார்க் பேராயர் வுல்ஃப்ஸ்டனின் புகழ்பெற்ற பிரசங்கத்தில் இருக்கிறது. 1014ஆம் ஆண்டு, டேனியப் படையெடுப்புகளால் இங்கிலாந்து நிலைகுலைந்திருந்த காலம். நாட்டு மக்களின் பாவங்களை அடுக்கிக்கொண்டு போகும் பேராயர், ஞான உறவினரையும் ஞானப்பிள்ளைகளையும் கொல்லும் அளவுக்கு இந்நாடு கெட்டுவிட்டது என்று புலம்புகிறார். இரத்த உறவினரைக் கொல்வதற்கு இணையான பாதகமாக அது அங்கே நிற்கிறது. முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில், ஜெஃப்ரி சாசரின் 'கேன்டர்பரி கதைக'ளில் வரும் பாத் நகரத்துப் பெண்மணி தன் காஸிப்பைப் பற்றிப் பேசுகிறாள். அலிசன் என்ற அந்தத் தோழிக்குத் தன் நெஞ்சின் இரகசியங்கள் எல்லாம் தெரியும், ஊர்ப் பாதிரியாருக்குக்கூட அவ்வளவு தெரியாது என்பது அவள் கூற்று. சடங்கின் உறவு இங்கே நட்பின் உறவாக விரிந்துவிட்டதைக் காண்கிறோம். பாவமன்னிப்புக் கூண்டில் சொல்ல வேண்டியவை பாதிரியாரைத் தாண்டித் தோழியிடம் போய்ச் சேர்கின்றன. அதைச் சாசர் நகைச்சுவையாகத்தான் எழுதினார். ஆனால் பின்னால் வரப்போகும் அச்சத்தின் விதையும் அந்த நகைச்சுவைக்குள் இருக்கிறது.

செஸ்டர் நகரில் வணிகக் குழுக்கள் ஆண்டுதோறும் தெருக்களில் நடத்திய விவிலிய நாடகங்களிலும் இந்தத் தோழியரைச் சந்திக்கிறோம். நோவாவின் வெள்ளத்தை நடித்தவர்கள், பொருத்தமாகவே, டீ ஆற்றிலிருந்து நீர் இறைத்து விற்றவர்கள். அந்நாடகத்தில் நோவாவின் மனைவி பேழையில் ஏற மறுக்கிறாள். தன்னை நேசித்த காஸிப்புகள் மூழ்கிப்போகத் தான் மட்டும் தப்பிப்பதா என்பது அவள் கேள்வி. தோழியர் வெள்ளத்தைக் கண்டு அஞ்சியபடியே மது அருந்திப் பாடுகிறார்கள். இறுதியில் பிள்ளைகள் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பேழைக்குள் போடுகிறார்கள். கூடியிருந்தவர்கள் சிரித்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் உலகமே அழியும்போது தோழிகளை விட்டு வரமாட்டேன் என்று ஒருத்தி சொல்வதை நாம் இன்று சிரிப்போடு மட்டும் படிக்க இயலவில்லை.

இச்சொல் பெண்களோடு இவ்வளவு நெருங்கியதற்குக் காரணம் பேறுகால அறைதான். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டவுடன் கணவன் செய்ய வேண்டிய வேலை, மருத்துவச்சியையும் அண்டை அயலிலுள்ள பெண்களையும் அழைத்து வருவது. அதன்பின் அவனுக்கு அந்த அறையில் இடமில்லை. சன்னல்களுக்குத் திரையிட்டு, கதவை மூடி, சாவித்துளையைக்கூட அடைத்து, அந்த அறையை வெளியுலகத்திலிருந்து துண்டித்துவிடுவார்கள். கஞ்சியோடு மதுவும் சர்க்கரையும் வாசனைப் பொருள்களும் கலந்த 'காடில்' என்ற பானம் உள்ளே தயாராகும். பேற்றுக்குப் பிறகும் ஏறத்தாழ ஒரு மாதம் தாய் ஓய்வில் இருப்பாள், பெண்கள் வந்துபோய்க்கொண்டிருப்பார்கள். குழந்தையின் ஞானத்தாயாகப் போகிறவளும் பெரும்பாலும் அவர்களிடையேதான் இருப்பாள். ஆகவே, அந்த அறையில் கூடிய பெண்கள் அனைவருமே காஸிப்புகள் என்று அழைக்கப்பட்டார்கள்.

அவர்கள் அங்கே பேசிக்கொண்டிருந்தது மட்டுமல்ல. உதவினார்கள், கண்டார்கள், பின்னால் தேவைப்பட்டால் சாட்சி சொன்னார்கள். குழந்தை உயிரோடு பிறந்ததா, இறந்து பிறந்ததா என்பதற்கு அவர்களே சாட்சி. மணமாகாத பெண் பிரசவித்தால், வலியின் உச்சத்தில் தகப்பன் பெயரைக் கேட்டு வாங்குவது மருத்துவச்சியின் கடமை என்று எதிர்பார்க்கப்பட்டது. அந்தப் பெயரைக் கொண்டுதான் குழந்தையின் பராமரிப்புச் செலவை யார் தலையில் கட்டுவது என்று ஊர் முடிவுசெய்தது. ஊரின் ஆண்கள் பலரும் அந்த அறையின் பேச்சுக்கு அஞ்ச உண்மையான காரணம் இருந்தது.

அந்த அச்சம் முதலில் ஏளனமாகத்தான் வெளிப்பட்டது. சாமுவேல் ரோலண்ட்ஸ் 1602இல் வெளியிட்ட ஒரு நூலில் கைம்பெண், மணமானவள், கன்னி என மூன்று காஸிப்புகள் லண்டன் மதுக்கடை ஒன்றில் அமர்ந்து ஆண்களைப் பற்றிப் பேசுகிறார்கள். மறு ஆண்டு, பழைய பிரெஞ்சு நூல் ஒன்று 'பேச்சலர்ஸ் பேங்க்வெட்' என்று ஆங்கிலமாகி வந்தது. மனைவியின் பேறுகாலத்தில் வந்து கணவனின் பணத்தில் உண்டு குடித்து அவனையே இகழும் பெண்கள் அதில் உண்டு. இத்தகைய நூல்களை எழுதியவர்கள் ஆண்கள். அந்த அறைக்குள் என்ன பேசப்பட்டது என்பதைக் கற்பனையால் அன்றி அறிய வழியில்லாதவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஷேக்ஸ்பியரிடம் இச்சொல்லின் இரு முகங்களும் ஒருங்கே கிடைக்கின்றன. 1594 டிசம்பரில் லண்டன் கிரேஸ் இன்னில் நடிக்கப்பட்ட 'காமெடி ஆஃப் எரர்ஸ்' நாடகத்தின் முடிவில், பல்லாண்டுகளுக்கு முன் பிரிந்த புதல்வர்களைத் திரும்பப் பெற்ற தாய், இன்றுதான் இவர்களை ஈன்றேன் என்பதுபோல், எல்லோரையும் காஸிப்புகளின் விருந்துக்கு அழைக்கிறாள். ஞானஸ்நான விருந்து என்பதே அங்கே பொருள். 'எட்டாம் ஹென்றி'யில் (1613) குழந்தை எலிசபெத்தின் ஞானப்பெற்றோரை மன்னனே மாண்புமிக்க காஸிப்புகளே என்று விளிக்கிறான். அதே ஷேக்ஸ்பியரின் பெயரால் வழங்கும், 1594இல் அச்சேறிய 'டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்' நாடகத்தில் நிலைமை வேறு. பேரரசி கள்ள உறவில் பெற்ற குழந்தையைச் செவிலி ஒருத்தி தூக்கி வருகிறாள். பிரசவத்தைக் கண்டவர்கள் எத்தனை பேர் என்று தகப்பனாகிய ஏரன் கேட்கிறான், அவள் சொல்கிறாள். உடனே அவளைக் குத்திக் கொல்கிறான். நீண்ட நாக்குடைய ஒரு காஸிப்பை உயிரோடு விடுவதா என்பது அவன் சொல்லும் காரணம். அவள் யாரிடமும் எதையும் உளறவில்லை. அவள் செய்த குற்றம் ஒன்றே: பிறப்பைக் கண்டவள். சாட்சி என்ற பொருள் வாயாடி என்ற பொருளாக மாறுவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் காட்சியை நாம் வேறெங்கும் படித்ததில்லை.

மேடைக்கு வெளியே தண்டனைகள் இருந்தன. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடபகுதிகளிலும் 'பிராங்க்ஸ்' என்றொரு கருவி பயன்பட்டது. தலையைச் சுற்றி இரும்புக் கூண்டு, நாக்கை அழுத்தும் இரும்புத் தகடு. வாயடக்கம் இல்லாதவள் என்று தீர்ப்பான பெண்ணுக்கு அதை மாட்டி, தெருவில் இழுத்துச் செல்வார்கள். ரால்ஃப் கார்டினர் 1655இல் வெளியிட்ட நூலில், நியூகாசில் நகரில் ஆன் பிடில்ஸ்டன் என்ற பெண்ணுக்கு இக்கதி நேர்ந்ததைக் கண்ட ஒருவரின் சாட்சியம் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் இது சண்டைக்காரிகளுக்கான தண்டனை. காஸிப் என்ற சொல்லுக்கென்று தனிக் குற்றப்பிரிவு ஏதும் இருந்ததில்லை. ஆனால் வழக்கில் இரண்டும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. சண்டைக்காரி என்ற அந்தக் குற்றம் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து முறையாக நீக்கப்பட்டது 1967இல்தான் என்பதை அறியும்போது வியப்பு ஏற்படுகிறது.

இதே காலத்தில் ஆண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அவர்களும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். 1652இல் பாஸ்குவா ரோஸே என்பவர் லண்டன் கார்ன்ஹில் பகுதியில் காப்பிக்கடை தொடங்கினார். சில பத்தாண்டுகளில் அந்நகரெங்கும் காப்பிக்கடைகள் பெருகின. கப்பல் வந்ததா, கவிழ்ந்ததா, அமைச்சர் யார் பக்கம், யாருக்கு யாரோடு தொடர்பு என்பனவே அங்கும் பேச்சு. அதற்குச் செய்தி என்று பெயர், விவாதம் என்று பெயர். எட்வர்டு லாய்டின் காப்பிக்கடையில் கப்பல்காரர்கள் பரிமாறிக்கொண்ட பேச்சு, நாளடைவில் உலகின் பெயர்பெற்ற காப்பீட்டுச் சந்தையாக வளர்ந்தது. இரண்டாம் சார்லஸ் மன்னர் இப்பேச்சை அடக்க முயன்றதும் உண்மை. பொய்யும் அவதூறுமான செய்திகள் அங்கே பரவுகின்றன என்று கூறி, 1675 டிசம்பர் 29 அன்று காப்பிக்கடைகளை மூட ஆணையிட்டார். ஜனவரி 10 முதல் ஆணை நடைமுறைக்கு வர வேண்டும். எதிர்ப்பு அவ்வளவு வலுத்ததால், அதற்கு இரண்டு நாள் முன்பாகவே ஆணை திரும்பப் பெறப்பட்டது. காப்பிக்கடைப் பேச்சாளர்களுக்கு யாரும் இரும்புக் கடிவாளம் மாட்டவில்லை. வதந்தி இரு இடங்களிலும் இருந்தது, பெயர்தான் வேறு.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, பேறுகால அறையின் பேச்சே அரியணையைத் தொட்டது. 1688 ஜூன் 10 அன்று இரண்டாம் ஜேம்ஸ் மன்னருக்கு ஆண் குழந்தை பிறந்தது. கத்தோலிக்க வாரிசு, புராட்டஸ்டண்டுகளுக்குப் பேரச்சம். குழந்தை அரசியின் வயிற்றில் பிறந்ததே அன்று, படுக்கையைச் சூடேற்றும் பாத்திரத்தில் வைத்து உள்ளே கடத்திவரப்பட்டது என்று ஒரு வதந்தி கிளம்பியது. மன்னரின் மூத்த மனைவிக்குப் பிறந்த மகள் ஆன், அந்நேரம் அங்கே இல்லாதவள், ஹேக் நகரிலிருந்த தன் அக்காள் மேரிக்குத் தன் ஐயங்களைக் கடிதங்களில் எழுதினாள். கடைசியில் மன்னர் அக்டோபர் 22 அன்று பிரிவி கவுன்சிலைக் கூட்டினார். பிரசவத்தின்போது இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டோரைச் சாட்சி சொல்ல வைத்து, அதை அச்சிட்டும் பரப்பினார். பயனில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் அவர் நாட்டைவிட்டு ஓட, மேரியும் அவள் கணவர் வில்லியமும் ஆட்சிக்கு வந்தார்கள். வதந்தியால் மட்டும் ஓர் ஆட்சி கவிழ்வதில்லை. ஆனால் கவிழ்க்க விரும்பியவர்களுக்கு அது பேருதவியாக இருந்தது. அதைப் பரப்பியவர்களில் ஆயர்களும் பிரபுக்களும் உண்டு. அவர்களை யாரும் காஸிப்புகள் என்று இகழவில்லை.

1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளிவந்தபோது இச்சொல்லுக்கு மூன்று பொருள்கள் தரப்பட்டிருந்தன. முதலாவது, ஞானஸ்நானத்தில் குழந்தைக்காக உறுதியளிப்பவர். இரண்டாவது, உடனிருந்து மது அருந்தும் கூட்டாளி. மூன்றாவது, பேறுகால அறையில் கூடும் பெண்களைப் போல வம்பளந்து திரிபவர். எழுநூற்றைம்பது ஆண்டு வரலாறு இந்த மூன்று படிகளில் வரிசையாக இறங்குவதைப் பார்க்கிறோம். மருத்துவர் வில்லியம் ஸ்மெல்லியின் பேறுகால மருத்துவ நூல் 1752இல் வெளிவந்திருந்தது. ஆண்கள் மருத்துவர்களாக அந்த அறைக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. காஸிப்புகளுக்கு அங்கிருந்த வேலை குறையத் தொடங்கியது. இகழ்ச்சி மட்டும் எஞ்சியது. இதில் இன்னொரு முரணும் உண்டு. ஜான்சனைப் போல் பேசியவர் எவருமில்லை. 1764இல் நண்பர்களோடு சேர்ந்து உணவும் பேச்சுமாக ஒரு மன்றத்தையே அவர் அமைத்தார். அவருடைய பேச்சை, பிறரைப் பற்றிய கேலிகளும் கடும் தீர்ப்புகளும் உட்பட, பாஸ்வெல் குறித்துவைத்து 1791இல் நூலாக்கினார். ஆங்கில வாழ்க்கை வரலாற்று இலக்கியத்தின் சிகரம் என்று அதைப் போற்றுகிறோம். போற்ற வேண்டியதுதான். ஆனால் அதே மாலைகளில் வேறு அறைகளில் பெண்கள் பேசியவற்றைக் குறித்துவைக்க ஒரு பாஸ்வெல் இல்லை.

இது ஆங்கிலேயரின் தனிக்குணம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இலத்தீனில் ஞானத்தாயைக் குறித்த 'கொம்மாத்தெர்' என்ற சொல் பிரெஞ்சில் 'கொம்மேர்' ஆகி, பிறகு வம்புக்காரியைக் குறித்தது. 'கொம்மெராஜ்' என்றால் அங்கே வம்புப்பேச்சு. ஸ்பானிய மொழியில் 'கொமாத்ரே' என்பவள் ஞானத்தாய், நெருங்கிய தோழி. 'கொமாத்ரோனா' என்றால் மருத்துவச்சி. 'கொமாத்ரேயார்' என்றால் வம்பளத்தல். ஞான உறவு, பேறுகால அறை, வம்பு ஆகிய மூன்றையும் ஒரே வேரில் பல நாடுகள் கட்டிவைத்திருக்கின்றன.

சும்மா பேசுவதைக் குறிக்கும் பிற ஆங்கிலச் சொற்களுக்கு இத்தகைய வீழ்ச்சி நேரவில்லை என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 'சாட்' என்பது பறவைகளின் கீச்சொலியைப் போன்ற ஒலிக்குறிப்பில் பிறந்தது, அதில் பழியில்லை. மோவாய் ஆடுவதைக் கொண்டு எழுந்த 'சின்வாக்' வெறும் வேடிக்கை. இந்தியாவிலிருந்த வெள்ளையர்கள் இந்துஸ்தானியிலிருந்து 'கப்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள்; யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியில் அதற்கு இடமுண்டு. சென்னை மாகாணப் படை அதிகாரி ஒருவரின் மனைவியாக இங்கே வாழ்ந்த ஃப்ளாரன்ஸ் மேரியட், தம் இந்திய நினைவுகளை 1868இல் நூலாக்கியபோது அதற்கு 'கப்' என்றே பெயரிட்டார். பிறர் வம்பு என்று இகழக்கூடியதைத் தாமே தலைப்பாக்கிவிட்ட அவரது துணிவு நமக்குப் பிடித்திருக்கிறது.

இலக்கியம் இப்பேச்சை இகழ்வதோடு நின்றுவிடவில்லை. 1815 டிசம்பரில் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வில் மிஸ் பேட்ஸ் என்றொரு முதிர்கன்னி வருகிறாள். ஏழை, ஓயாமல் பேசுபவள். வாசகர்கள் அவள் பேச்சு வரும் பக்கங்களைத் தாண்டிச் செல்வதுண்டு. ஆனால் கதையின் மர்மமாகிய அந்த இரகசிய நிச்சயதார்த்தத்திற்கான தடயங்கள் பலவும் அவள் பேச்சில்தான் சிதறிக் கிடக்கின்றன. அறிவாளியான எம்மா கவனிக்கத் தவறியதை, அறிவற்றவளாகக் கருதப்பட்டவள் சொல்லிக்கொண்டேயிருக்கிறாள். பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணத்தில் எம்மா அவளது வாயாடித்தனத்தை எல்லோர் முன்னிலையிலும் குத்திக்காட்டும் இடமே நாவலின் திருப்புமுனை. வசதியில் குறைந்த ஒருத்திக்கு மிஞ்சியிருப்பது பேச்சு மட்டுமே, அதையும் பறிப்பது கொடுமை என்று நைட்லியின் கண்டிப்பிலிருந்து நாம் உணர்கிறோம்.

காஸிப் என்ற சொல், பேசுபவரை விட்டுப் பேச்சையே குறிக்கத் தொடங்கியது ஏறத்தாழ இக்காலத்தில்தான். அதன்பின் அது சரக்காயிற்று. 1920களில் நியூயார்க்கில் வால்டர் வின்செல், அதன்பின் ஹாலிவுட்டில் லூயெல்லா பார்சன்ஸ், ஹெடா ஹாப்பர் ஆகியோரின் பத்திகள் அதை அன்றாட வணிகமாக்கின. தமிழில் கிசுகிசுவாக வந்து சேர்ந்தது இந்தக் கடைசி வடிவம்தான். மறுபுறம் அறிஞர்கள் அதை மீட்கவும் முயன்றார்கள். சமூகத்தின் ஒழுக்க நெறிகளை நிலைநிறுத்துவதில் வம்புப்பேச்சுக்குப் பங்குண்டு என்று மானிடவியலாளர் மேக்ஸ் கிளக்மன் 1963இல் வாதிட்டார். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவு பேணுவதன் இடத்தைத்தான் மனிதரிடம் பேச்சு எடுத்துக்கொண்டது என்றார் ராபின் டன்பார் (1996). சில்வியா ஃபெடரிசி தமது 2018ஆம் ஆண்டு நூலில், இச்சொல்லின் தேய்வைப் பெண்களின் ஒற்றுமை குலைக்கப்பட்ட வரலாற்றோடு இணைத்துப் பார்த்தார்.

இம்மீட்பை நாம் வரவேற்கிறோம். எனினும் ஒன்றை மறைக்கலாகாது. பேறுகால அறையின் தோழமை எல்லாப் பெண்களுக்கும் கிடைத்த ஒன்றன்று. சூனியக்காரி வழக்குகளில் பெண்கள் மீது சாட்சி சொன்னவர்களில் அண்டை வீட்டுப் பெண்களும் இருந்தார்கள்; பேறுகாலத்தில் அழைக்கப்படாத சினமும், கேட்ட உதவி கிடைக்காத முணுமுணுப்பும் குற்றச்சாட்டுகளாக வளர்ந்ததுண்டு. காக்கும் பேச்சும் கொல்லும் பேச்சும் ஒரே வாயிலிருந்து வருபவை. ஆண்களின் காப்பிக்கடைக்கும் இது பொருந்தும். வேறுபாடு என்னவென்றால், ஒருவரின் பேச்சில் உள்ள நஞ்சு அந்தப் பேச்சுக்கு மட்டும் உரியதாயிற்று; மற்றவரின் பேச்சில் உள்ள நஞ்சு அவர்களுடைய உறவின் பெயரையே மாற்றிவிட்டது.

ஒரு சொல் இழிந்துபோனால் அதை மறுபடி தூக்கி நிறுத்துவது எளிதன்று, தேவையுமில்லை. நாளைக்கும் கிசுகிசு கிசுகிசுவாகத்தான் இருக்கும். ஆனால் பழைய ஆங்கில இலக்கியத்தை மொழிபெயர்ப்பவர்கள் இச்சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் வம்புக்காரி என்று எழுதிவிடாமல் ஒரு கணம் நின்று பார்க்கலாம். அந்த வரியில் இருப்பவள் ஞானத்தாயாக இருக்கலாம், இரவெல்லாம் கண்விழித்துப் பிரசவம் பார்த்த அண்டை வீட்டுக்காரியாக இருக்கலாம், பாதிரியாரிடம் சொல்லாததைக் கேட்டு மனத்தில் பூட்டிக்கொண்ட அலிசனாகவும் இருக்கலாம்.